முட்டைக் கிண்ணத்தில் விஸ்கி

அவரிடம் எதைக் கேட்டாலும் நேரான பதில் வராது. தேத்தண்ணி போடவா அண்ணை என்று கேட்டால் "போட்டா குடிக்கலாம்" என்பார். மழை வருமா என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார், என் காலில் கிடக்கும் சப்பாத்தைப் பார்ப்பார், "வரவும் ஞாயம் இருக்கு" என்பார். ஒருமுறை முழங்கால் நோவுக்கு டொக்டரிடம் போனபோது மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். எந்தக் கால் என்று டொக்டர் கேட்டார். இவர் இரண்டு கால்களையும் ஆறுதலாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நோகேக்கை மற்றதும் சுகமாய் இல்லைத்தான்" என்றார். இதை நான் எப்படி ஜெர்மனில் சொல்லுவது? வலது கால் என்று நானே முடிவு செய்து சொல்லிவிட்டேன். வெளியே வரும்போது அவர் இடது காலை நொண்டினார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பிராங்பேர்ட் விமான நிலையத்தில் விமானங்களுக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிற வேலை. அவருக்கு நாற்பத்தைந்துக்கு மேலே. மத்திய ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஹோட்டல் பாரில் கிளாஸ் கழுவினார். நகரத்தின் ஓரத்தில், ஹோக்ஸ்டில் ஒரு மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்துப் பக்கம் என்பதற்கு மேல் அவருடைய ஊர், வீடு, உறவு எதுவும் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு அவர் வெறும் அண்ணை. பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. எழுதினாலும் வாசித்துவிட்டு, "அது நானாயும் இருக்கலாம்" என்றுதான் சொல்லுவார்.

அவருடைய வீட்டில்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடந்தது. எங்களுக்கு விஸ்கி என்றால் அதற்குச் சோடா, இல்லாவிட்டால் தண்ணீர், கடிக்க ஒரு பொரியல். அதோடு கதை முடிந்தது. ஹோட்டலில் விஸ்கிக்குள் சீனி போடுகிறார்கள் என்று அவர் ஒருநாள் வந்து சொன்னபோது செபமாலைக்குக் கோபமே வந்துவிட்டது. செபமாலை மன்னார்க்காரன், கத்தோலிக்கன், ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்தான். அகதி முகாமில் அண்ணையோடு ஒரே அறையில் இருந்தவன். மெதுவாகப் பேசுவது அவனுக்கு ஏலாது. விஸ்கிக்குச் சீனி போட அதென்ன கஞ்சியோ என்று அவன் கத்த, அண்ணை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஹோட்டலின் பார்மனையே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

அவன் பெயர் யூர்கன். நெட்டையன், எங்களுக்காக ஜெர்மனை மெல்ல மெல்லப் பேசுகிற நல்ல மனிதன். ஒரே போத்தல் விஸ்கியில் மூன்று விதமாகச் செய்து காட்டினான். ஒரு சீனிக்கட்டியில் கசப்புத் துளிகளை விட்டு நசித்து, விஸ்கியும் ஐசும் போட்டு, தோடம்பழத்தின் செம்மஞ்சள் தோலை முறுக்கி மேலே விட்டால் அது ஓல்ட் பாஷன்ட். சிவப்பு வெர்மூத் வைன் கலந்து, அடியில் ஒரு செரிப்பழம் கிடந்தால் மன்ஹற்றன். தேசிக்காய்ப் புளி, சீனிப்பாகு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துக் குலுக்கி நுரை தள்ள ஊற்றினால் விஸ்கி சவர். மூன்றையும் வரிசையாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்து, எது மேல் என்று சொல்லவேண்டும் என்றான். எங்களுக்குப் புதினமாக இருந்தது. அதற்கு முன்னால் நாங்கள் ஒருவரும் குடியை இப்படிப் பரீட்சை மாதிரி உட்கார்ந்து குடித்ததில்லை.

அன்றிலிருந்து பிடித்தது பித்து. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது கூடினோம். சுவைப்பதற்கென்று அண்ணை பழைய சாமான் சந்தையில் தேடி, காலோடு கூடிய வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வாங்கி வந்தார். நல்ல சின்னக் கிண்ணம், இரண்டு மிடறு பிடிக்கும். யூர்கன் அதைக் கண்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவித்த முட்டையை நிறுத்தி வைத்து, கரண்டியால் தட்டி ஜெர்மன்காரர் சாப்பிடுகிற கிண்ணமாம் அது. முட்டையை நிறுத்தி வைக்க ஒரு பாத்திரம் உலகத்தில் இருக்கும் என்று நாங்கள் கண்டோமா? அண்ணை மட்டும் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "முட்டை இல்லாத நேரம் அது கிண்ணம்தானே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்தக் கட்டடத்தில் சத்தம் போடக்கூடாது. விஸ்கி சவருக்கோ நன்றாகக் குலுக்க வேண்டும். அண்ணை குலுக்கும் பாத்திரத்தை ஒரு துவாயில் சுற்றி, அதன் மேல் குளிருக்குப் போடும் ஜக்கெற்றையும் சுற்றி, கைக்குழந்தையை ஆட்டுவதுபோல் நெஞ்சோடு அணைத்துக் குலுக்குவார். அப்படியும் கீழ்வீட்டுக் கிழவி தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பாள். அவள் இடித்தால் பதம் சரி என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

சண்டை அதற்குப் பிறகுதான் தொடங்கும். செபமாலை மன்ஹற்றன் கட்சி. யூர்கன் ஓல்ட் பாஷன்டை விட்டு அசைய மாட்டான். மற்றதெல்லாம் விஸ்கியை ஒளிக்கிற வேலை என்பான். எனக்கு விஸ்கி சவர் பிடிக்கும், ஆனால் அதைச் சொன்னால் பொம்பிளைப்பிள்ளைகளின் ஜூஸ் என்று செபமாலை நக்கலடிப்பான். கடைசியில் எல்லோரும் அண்ணையைப் பார்ப்போம். வீட்டுக்காரர், வயதில் மூத்தவர், அவர்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும். அவர் மூன்று கிண்ணத்தையும் ஒவ்வொன்றாக வாயில் வைத்து, கண்ணை மூடி, நாங்கள் மூச்சுவிடாமல் காத்திருக்க, "ஒவ்வொண்டுக்கும் ஒரு ஞாயம் இருக்கு" என்பார். அவ்வளவுதான். செபமாலை தான் வென்றதாகத் துள்ளுவான். யூர்கன் எழுந்து வந்து அவருக்குக் கை கொடுப்பான். நான் என் பக்கம்தான் தீர்ப்பு என்று மனதுக்குள் வைத்துக்கொள்வேன். பிறகு வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தால் தலை சுற்றும்.

என் அம்மா ஊரிலிருந்து கடிதத்துக்குக் கடிதம் சைவம் தவறாதே என்று எழுதுவாள். வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் நான் மச்சம் மாமிசம் தொடுவதில்லை. கந்தசஷ்டிக்குள் ஒரு ஞாயிறு வந்தபோது எனக்குப் பெரிய குழப்பம் வந்தது. விஸ்கி தானியத்தில் செய்வது, சைவம்தான். விஸ்கி சவருக்குள் முட்டை விழுகிறதே? அண்ணையிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்து, முட்டையைப் பார்த்தால் சைவமில்லை, நுரையைப் பார்த்தால் முட்டை தெரியாது என்றார். குடிக்கவா விடவா என்று அழாக்குறையாகக் கேட்டேன். நீர் நினைக்கிறது சரி என்றார். நான் ஒன்றும் நினைக்கவில்லை, அதுதானே பிரச்சினை! விரத நாளில் விஸ்கி குடிக்கலாமோ என்ற கேள்வி எனக்கு வரவேயில்லை என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இந்த மனிதரிடம்தான் என் வாழ்க்கை போய் மாட்டியது.

எனக்குக் கலியாணம் பேசினார்கள். வதனி கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தாள். படம் வந்தது, பிறகு போனில் கதைத்தோம். உங்கட குரல் உங்கட படத்தை விட வடிவு என்று அவள் ஒருநாள் சொன்னாள். அது புகழ்ச்சியா பழிப்பா என்று இரண்டு நாள் யோசித்தேன், அதற்குள் எனக்கு அவளை நன்றாகப் பிடித்துவிட்டது. தட்டு அடுக்கும்போதும் அவள் சிரிப்புத்தான் காதில் கேட்டது. அவளுக்குத் தகப்பன் இல்லை. குடித்துக் குடித்தே செத்துப்போனவர். அவளுக்கு எல்லாமே ஜெர்மனியிலேயே வுப்பர்டாலில் இருந்த தாய்மாமன்தான். விபூதிக்குறி அழியாத மனிதர். மாப்பிள்ளை சீதனம் கேட்டாலும் பரவாயில்லை, குடிக்கிறவனாக மட்டும் இருக்கக்கூடாது என்பது அவருடைய கட்டளை.

எங்களுடைய வழக்கம் தெரியும்தானே. மாப்பிள்ளையைப் பற்றி, அவனை அறிந்த ஒரு மூத்த மனிதரிடம் பெண்வீட்டார் விசாரிப்பார்கள். என்னை அறிந்த மூத்த மனிதர் இந்த ஊரில் வேறு யார்? அண்ணையின் நம்பரைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஓடிப்போய் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஒரே ஒரு வசனம் போதும் அண்ணை, குடிக்கிறேல்லை என்று மட்டும் சொல்லுங்கோ என்றேன். "சொல்லலாம்" என்றார். நான் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு வழமைபோல் போனேன். மேசையில் போத்தல், தேசிக்காய், சீனிக்கட்டி, முட்டைக் கிண்ணங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. யூர்கன் தோடம்பழத் தோல் சீவிக்கொண்டிருந்தான். அண்ணை புதுச் சேர்ட் போட்டிருந்ததைப் பார்த்து ஏன் என்று கேட்டேன். உம்மட மாமா வாறார், ரயில் வந்திருக்கும் என்றார். போனில் விசாரித்த மனிதரிடம் ஞாயிறு பின்னேரம் வாருங்கோ, எல்லாரும் இருப்பம் என்று இவர் அழைப்பு வைத்திருக்கிறார்! நான் போத்தலைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் வைக்கப் போனேன். அவர் அதை வாங்கி மறுபடியும் மேசையின் நடுவில் வைத்தார்.

"பாக்கத்தானே வாறார்" என்றார்.

மாமா வந்தார். மேல்கோட்டு, குடை, நெற்றியில் மூன்று குறி. மேசையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கதிரையில் உட்கார்ந்தார். அண்ணை அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோலக் கூட்டத்தைத் தொடங்கினார். இது இன்ன சாமான், இது இப்படிக் கலக்கிறது என்று மாமாவுக்கு விளக்கமும் சொன்னார். முட்டையை உடைத்தபோது மட்டும் மாமா முகத்தைச் சுளித்து, விஸ்கிக்குள் முட்டையும் விடுவார்களோ என்று கேட்டார். விஸ்கியைவிட முட்டைதான் அவருக்குப் பெரிய பாவமாகப் பட்டது. செபமாலை வாயே திறக்கவில்லை. அவனை அப்படி நான் என்றும் கண்டதில்லை.

கிண்ணங்கள் சுற்றி வந்தன. என் முறை வந்தது. குடித்தால் வதனி இல்லை. குடிக்காமல் விட்டால் பொய்யன், செபமாலையின் முகமே காட்டிக்கொடுத்துவிடும். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மூளை வேலை செய்யவில்லை. கிண்ணத்துக்குக் கை நீட்டினேன், ஆனால் கையில் வந்தது யூர்கன் கலந்து வைத்திருந்த முழு மன்ஹற்றன் கிளாஸ். பதற்றத்தில் அதை அப்படியே அண்ணாந்து வாய்க்குள் ஊற்றினேன். செரிப்பழம் தொண்டையில் அடைத்தது. விஸ்கி மூக்கால் வந்தது. கண்ணீர் ஒழுக, இருமி, முகம் சிவந்து, செபமாலை முதுகில் குத்தத்தான் பழம் வெளியே வந்து விழுந்தது. அது மாமாவின் சப்பாத்துக்குக் கிட்டே போய் நின்றது.

எல்லாம் அடங்கியபிறகு மாமா அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, சுத்தி வளைக்காமல் கேக்கிறன். உங்களுக்கு ஒரு பெட்டை இருந்தா, இந்தப் பெடியனுக்குக் குடுப்பியளோ?"

விசாரிப்பில் இது கடைசிக் கேள்வி. இதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு பெரிய காவாலியாக இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு குடுப்பன் என்றுதான் சொல்லுவார்கள். அது சடங்கு மாதிரி. வாழ்க்கையில் முதன்முறையாக நான் அண்ணையின் குணத்துக்கு நன்றி சொன்னேன். குடுக்கவும் ஞாயம் இருக்கு என்று ஏதாவது இழுப்பார், மாமா அதை எப்படியோ எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு அதுவே போதும்.

அண்ணை கையிலிருந்த துவாயை மடித்து மேசையில் வைத்தார்.

"எனக்குப் பெட்டை இருக்கு" என்றார். "குடுக்க மாட்டன்."

மாமா தலையாட்டினார். எழுந்து குடையை எடுத்தார். அண்ணை அவரை நிலையம் வரைக்கும் கொண்டுபோய் விடக் கூடவே இறங்கிப் போனார். அறைக்குள் நாங்கள் மூன்று பேரும் பேயறைந்ததுபோல் இருந்தோம். பெட்டையோ, உவருக்கோ என்று செபமாலை திரும்பத் திரும்பக் கேட்டான். எத்தனை வருடமாகப் பழகியவன், ஒரே அறையில் படுத்தவன், அவனுக்கே தெரியாது. என்ன நடந்தது என்று யூர்கன் கேட்டான். குடுக்க மாட்டன் என்றதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். கேட்கிற எதற்கும் ஓமும் இல்லை இல்லையும் இல்லை என்று இருந்த மனிதர், தன் ஆயுளில் சொன்ன ஒரே நேரான பதிலை என் தலையில் போட்டு உடைத்துவிட்டார். அவர் திரும்பி வருவதற்குள் நான் வெளிக்கிட்டுவிட்டேன். மைன் ஆற்றங்கரையில் நடந்து நடந்து அவரைத் திட்டினேன். வதனியை நினைத்து அழவும் செய்தேன்.

அந்தக் கிழமைக்குள்ளேயே வுப்பர்டாலிலிருந்து போன் வந்தது. மாமாவுக்கு முழுச் சம்மதம், ஆவணியில் வைப்போமா என்று கேட்டார். எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகமாகிவிட்டது. ஏன் மாமா என்று கேட்கவும் துணிவில்லை. கேட்டால் மனம் மாறிவிட்டால்? கலியாணம் முடிந்து நெடுநாளைக்குப் பிறகு வதனிதான் சொன்னாள். அவளுடைய தகப்பன் குடிப்பதை மாமா வருடக்கணக்காகப் பார்த்தவராம். குடிகாரன் எப்படிக் குடிப்பான் என்று தனக்குத் தெரியும், உவனுக்கு ஒரு கிளாசை ஒழுங்காக விழுங்கவே தெரியாது என்று சொன்னாராம். அப்படியென்றால் அண்ணை சொன்ன பதில்? அதைப் பற்றி மாமா ஒன்றுமே சொல்லவில்லை என்றாள். நிலையத்துக்குப் போகும் வழியில் இருவரும் என்ன கதைத்தார்கள் என்று நானும் மாமாவிடம் பலமுறை நூல் விட்டுப் பார்த்தேன். நல்ல மனிசன் என்பார், அதற்குமேல் வாய் திறக்கமாட்டார்.

நல்ல மனிசனாம்! என்னோடு ஒரு மேசையில் உட்கார்ந்துகொண்டு, எனக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர் நல்ல மனிசன். என்னிடம் என்ன குறை கண்டார்? வேலை செய்கிறேன், களவில்லை, சூதில்லை. அவர் வீட்டுக் கிண்ணத்தில் அவர் ஊற்றித் தந்ததைத்தானே குடித்தேன்? கலியாணத்துக்கு அவருக்கும் சொல்லிவிட்டேன், வரவில்லை. யூர்கனும் வேறு ஊருக்கு வேலை மாறிப் போக, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தானாகவே நின்றுபோனது. ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. வதனியோடு சின்னச் சண்டை வந்தாலும், அண்ணை என்னில் எதையோ கண்டுவிட்டுத்தான் சொன்னாரோ என்று மனம் குழம்பும். இரவில் அவள் தூங்கும்போது, இவளுக்கு நான் சரியான ஆள்தானா என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மகள் பிறந்து சில மாதம். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு மத்திய நிலையத்திலிருந்து ரயிலில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நாங்கள் அப்போது கிறீஸ்ஹைமில் இருந்தோம், கொஞ்ச நேர ஓட்டம்தான்; அண்ணையின் ஹோக்ஸ்ட் அதே பாதையில் அதற்கும் அப்பால். பார்த்தால், எதிர் இருக்கையில் அண்ணை. தலை நன்றாக நரைத்துவிட்டது. நான் வதனியிடம் இவர்தான் என்று சொன்னேன், அவள் வணக்கம் சொன்னாள். பிள்ளை ஊசி நோவில் வீரிட்டு அழுதது. வதனி பையைக் கிளறிப் பால்போத்தலைத் தேட, அண்ணை கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். அவர் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து மெல்ல ஆட்டினார். பிள்ளை அடங்கிவிட்டது.

என்னால் பொறுக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"அண்ணை, அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? குடுக்க மாட்டன் எண்டு. நான் என்ன பிழை விட்டனான்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எதைப் பற்றிக் கேட்கிறேன் என்பதே அவருக்குச் சற்று நேரம் பிடிபடவில்லை.

"அவர் உம்மைப் பற்றிக் கேக்கேல்லையே தம்பி. என்ர பெட்டையைப் பற்றியெல்லோ கேட்டவர்" என்றார். பிறகு பிள்ளையின் பக்கம் குனிந்து, "நான் வெளிக்கிடேக்கை இவ்வளவாத்தான் இருந்தவள். பிறகு சண்டைக்குள்ள தாயோட வன்னிக்குப் போனவள். இப்ப எங்கையெண்டு ஒரு தகவலும் இல்லை. அவளை நான் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன்" என்றார்.

இத்தனை காலமும் அந்தப் பதிலை என் மேலேயே போட்டுக்கொண்டு குமைந்தேனே! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வதனியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கிறீஸ்ஹைம் வந்தது. வதனி பால்போத்தலைப் பைக்குள் வைத்துவிட்டுப் பிள்ளைக்குக் கையை நீட்டினாள். அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். நீட்டிய கையை அவர் காணவில்லை. கதவு திறந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். வதனி கையை மெல்ல இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கதவு மூடியது. நாங்கள் இருவரும் எழும்பவில்லை.